பத்து மணி சரித்திர வகுப்பு

25-6-1951
பி.ஏ. வகுப்பில் இன்று முதல் நாள். நான் உள்ளே நுழைந்ததும் பையன்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வாத்தியார் என்று நினைத்துவிட்டார்கள். நான் நேராகப் போய் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பிறகு ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லோரும்.

நாற்பத்து நான்கு வயதில் எதற்கு இந்தக் கூத்து என்று வீட்டில் அழகம்மாள் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருப்பதே கேட்கிற மாதிரிதான். பதிலை இங்கே எழுதிவைக்கிறேன்.

48-ல் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தபோது, எங்கள் ஆபீஸ் குமாஸ்தாக்களில் சர்க்கார் வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்களின் பெயர்களை மானேஜர் வாசித்தார். என் பெயர் இல்லை. காதில் வாங்கத் தவறிவிட்டேனோ என்று இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். அப்போதும் இல்லை. “உமக்குப் பட்டம் இல்லை ஆத்மநாதன்” என்றார். அது வெளிக்குச் சொன்ன காரணம். உள்ளே நடந்தது வேறு. அழகம்மாளின் தம்பி நாகராசு அந்த வாரம் மானேஜர் அறைக்குள் போய் என்னைப் பற்றி ஓதிவிட்டு வந்தான். பட்டா விஷயமாக என்னிடம் சலுகை கேட்டு வந்தவனைச் சட்டப்படிதான் நடக்கும் என்று திருப்பி அனுப்பியிருந்தேன். அந்தக் கறுவு.

மூன்று வருஷமாக நான் அவன் ஊரான ஆலங்குடிப் பக்கமே போவதில்லை. அவனும் என் வாசலில் கால் வைக்கக் கூடாது. அவளும் போகக் கூடாது.

பட்டம் இல்லாதவன் என்று இனி எவனும் என்னைச் சொல்லக் கூடாது. அதற்குத்தான் கல்லூரி.

2-7-51
எனக்கு ‘சமஸ்தானம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்காரும் அய்யாக்கண்ணு என்கிற பையன்தான் சொன்னான். “அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இதுக்கு முன்னாடி ‘பெரியப்பா’ன்னு வச்சிருந்தாய்ங்க. நான்தான் மாத்தச் சொன்னேன்.”

நன்றி சொல்ல வேண்டுமாம்.

4-7-51
சரித்திரம் நடத்துகிறவர் ஞானமணி. பாளையங்கோட்டைக்காரர். இருபத்தேழு வயதுக்கு மேல் இராது. வெயிலிலும் கழற்றாத ஒரு பழுப்புக் கோட்டு, முழங்கைவரை சாக்கட்டித் தூள். நான் ஆபீசில் சேர்ந்த காலத்தில் இவர் பால்பல் விழாத பிள்ளை. இவர் ‘மிஸ்டர் ஆத்மநாதன்’ என்று கூப்பிட, நான் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது.

வருஷங்களையும் யுத்தங்களையும் ஒப்பிக்க வைப்பார் என்று நினைத்தேன். முதல் வகுப்பில் ஒரு வருஷம்கூடச் சொல்லவில்லை. “நடந்தது ஒன்று, நடந்ததாக நமக்கு வந்து சேர்ந்தது இன்னொன்று. நமக்குக் கிடைப்பது இரண்டாவது மட்டும்” என்றார். அவர் சொன்னது ஆங்கிலத்தில். நான் எனக்காகத் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

12-7-51
மற்ற வகுப்புகளில் தூக்கம் வருகிறது. பத்து மணி வகுப்புக்கு மட்டும் மணி அடிக்கும் முன்பே போய் உட்கார்ந்துவிடுகிறேன். இதை யாரிடமும் சொல்லமாட்டேன்.

6-8-51
இன்று ஞானமணி பலகையில் மூன்று கேள்விகளை எழுதினார். சொன்னவன் நேரில் பார்த்தானா? யாருக்குப் பயந்து அல்லது யாரை மகிழ்விக்கச் சொன்னான்? அவனிடம் கேட்டது யார், எப்படிக் கேட்டார்? எந்தச் சாட்சியானாலும் இந்த மூன்று கேள்விகளையும் தாண்டித்தான் உள்ளே வரவேண்டுமாம். ராஜாவின் கல்வெட்டாக இருந்தாலும் சரி, கப்பலில் வந்த வெள்ளைக்காரன் எழுதியதாக இருந்தாலும் சரி.

மூன்றாவது எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. முதல் இரண்டும் சாணை பிடித்த கத்தி மாதிரி இருக்கின்றன.

9-8-51
வகுப்பில் வாயைத் திறந்தேன். சமஸ்தானத்தின் கடைசி நாட்களைப் பற்றி யாரோ ஒரு பையன் பத்திரிகையில் படித்ததைச் சொன்னான். பொறுக்கவில்லை. “நான் அங்கே இருந்தேன். நேரில் பார்த்தவன்” என்றேன்.

ஞானமணி ஆவலோடு திரும்பினார். “எங்கே நின்றீர்கள்?”

“ஆபீசில்.”

“ஆபீசில் எங்கே?”

“வராந்தாவில்.”

“முடிவு எடுக்கப்பட்ட அறையில்?”

“அங்கே நான் எப்படிப் போக முடியும்?”

“அப்படியானால் வராந்தாவில் நடந்ததற்கு நீங்கள் முதல்தரமான சாட்சி” என்றார். பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, வராந்தாவில் அன்றைக்கு என்ன பேசிக்கொண்டார்கள், யார் யார் நின்றார்கள் என்று நின்றுகொண்டே கேட்டுக் குறித்துக்கொண்டார்.

என் வாழ்க்கையில் என்னை நம்பாத ஆட்களுக்குக் குறைவில்லை. ஒருவர் என்னை நம்பாதது எனக்கு அவமானமாகத் தோன்றாமல் போனது இதுதான் முதல் தடவை. ஏன் என்று தெரியவில்லை.

20-8-51
இன்று வகுப்பில் நடந்ததை எழுதாமல் படுக்க முடியாது.

சாட்சிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், வாசலில் போன அட்டெண்டர் அடைக்கலத்தைக் கூப்பிட்டார். “அடைக்கலம், நேத்து சாயங்காலம் இந்த ஜன்னல் திறந்துதானே இருந்துச்சு?”

“ஆமாங்க சார்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லும். நீர் மூடிட்டுத்தானே போனீர்?”

“ஆமாங்க சார், மூடிட்டுத்தான் போனேன்.”

“அப்போ திறந்து இருந்ததா, மூடி இருந்ததா?”

அடைக்கலம் ஜன்னலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “சார் எப்படிச் சொல்றீங்களோ அப்படிங்க.”

வகுப்பே உருண்டது. நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஞானமணி கையமர்த்தி, அடைக்கலத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அனுப்பிவைத்தார். பிறகு சொன்னார்: “அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு தடவையும் அவர் வாயில் வந்தது என் பதில். கேள்விக்குள் பதிலை வைத்துக் கேட்டால் நமக்குத் திரும்பி வருவது நம் குரல்தான். அதிலும் கேட்கிறவன் மேலே, சொல்கிறவன் கீழே என்று இருந்தால், கேட்கவே வேண்டாம்.”

அற்புதம். மூன்றாவது கேள்வி இன்றைக்குத்தான் புரிந்தது.

2-9-51
திருப்பதி வந்திருந்தான். அழகம்மாளின் பெரியப்பா மகன். மாதம் ஒரு தடவை வந்து காப்பி குடித்துவிட்டு ஊர்ச் செய்தியைக் கொட்டிவிட்டுப் போவான். “மச்சான் கிழட்டு வயசுல பள்ளிக்கொடம் போறாரான்னு நாகராசு சிரிக்கிறான்” என்றான்.

சிரிப்பான். செய்ததைச் செய்துவிட்டுச் சிரிக்கவும் செய்வான்.

அழகம்மாள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் அவன் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அவன் போனபிறகு சொன்னாள்: “எந்தம்பி அப்படிச் சொன்னத இவன் காதால கேட்டானாமா?”

“ஏன், கேட்டிருக்க மாட்டானா?”

“ஒங்க வாத்தியாரு அப்படித்தான் கேக்கச் சொல்றாருன்னு நீங்கதான சொன்னீங்க.”

வகுப்பில் நடப்பதையெல்லாம் இவளிடம் சொன்னது தப்பு.

23-9-51
மழை இல்லை. ரேஷன் அரிசியில் கல் பாதி. ஆவுடையார்கோவில் குத்தகைக்காரன் இந்த வருஷமும் கையை விரித்துவிட்டான்.

இரவுச் சாப்பாட்டின்போது அழகம்மாள் மெதுவாக ஆரம்பித்தாள். “நம்ம செவந்திக்குப் பதிமூணு முடிஞ்சிருச்சுங்க. இன்னைக்கோ நாளைக்கோ ஒக்காந்துருவா.”

“அதற்கென்ன?”

“குச்சு கட்ட மாமன் வேணும்ல.”

பெண் பிள்ளை பெரியவளானால் தாய்மாமன் தன் கையால் பச்சைத் தென்னங்கீற்று கொண்டுவந்து குச்சு கட்ட வேண்டும். அதற்குள்தான் பெண் இருக்க வேண்டும். ஆலங்குடியில் தென்னைக்கு என்ன பஞ்சம், அவன் தோப்பே போதும். ஆனால் அந்தக் கீற்று இந்த வீட்டுக்குள் வராது.

“திருப்பதி கட்டுவான். அவனும் மாமன் முறைதானே” என்றேன்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை.

15-10-51
ஞானமணி எல்லோருக்கும் ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறார். அவரவர் அறிந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் இருந்த ஒருவரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும். ஒரே நிபந்தனை, கேள்விக்குள் பதிலை வைக்கக் கூடாது. நவம்பர் கடைசிக்குள் கொடுக்க வேண்டும்.

பையன்கள் ஜல்லிக்கட்டு, கோயில் தேர், ஏரி உடைந்தது என்று எடுத்திருக்கிறார்கள். நான் எங்கள் ஆபீசின் கடைசி மாதத்தை எடுத்துக்கொண்டேன். சேவுகன் இருக்கிறான். மானேஜர் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பியூன். யார் உள்ளே போனாலும் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். நாகராசு உள்ளே போனதை எனக்குச் சொன்னவனும் அவன்தான். இப்போது விராலிமலையில் பஸ் நிற்கிற இடத்தில் கடை வைத்திருக்கிறானாம்.

வாத்தியார் கேட்கிறபடியே, கேள்விக்குக் கேள்வி எழுதிக்கொண்டு வருவேன். நாகராசு செய்தது இத்தனை நாள் என் மனசில் மட்டும் இருந்தது. இனிமேல் முறைப்படி சோதித்த சரித்திரமாக இருக்கும்.

6-11-51
காய்ச்சல். வகுப்புக்குப் போகவில்லை. அய்யாக்கண்ணு வந்து வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிட்டுப் போனான். “நீங்க இல்லாம சாரு பாதிப் பாடத்தோட நிறுத்திட்டாருண்ணே. கேக்கிறதுக்கு ஆளு இல்லையாம்.” பொய்யாக இருக்கலாம். இரண்டாவது கேள்வியைத் தாண்டாது. இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

21-11-51
செவந்தி பெரியவளாகிவிட்டாள்.

22-11-51
கூடத்தின் மூலையில் பாயைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொள்கிறாள். போன வாரம்வரை என் சைக்கிளைத் தொட்டுத் தொட்டு மணி அடித்த பிள்ளை.

திருப்பதிக்குச் சொல்லி அனுப்பவா என்று கேட்டேன். அழகம்மாள் இத்தனை வருஷத்தில் என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசியது குறைவு. இன்று பார்த்தாள்.

“எங்கூடப் பொறந்தவன் உசுரோட இருக்கான். அவன் கீத்து கொண்டாந்தா குச்சு. இல்லைன்னா எம்மக இப்படியே வெறும் மூலையிலயே இருக்கட்டும். ஊரு கேட்டா கேக்கட்டும். அப்பன் காலேசுல படிக்கிறாருன்னு சொல்லிக்கிறேன்.”

“அவன் என் பிழைப்பைக் கெடுத்தவன்.”

“பாத்தீங்களா?”

ஞாயிற்றுக்கிழமை விராலிமலைக்குப் போகிறேன். சேவுகன் வாயாலேயே கேட்டு எழுதிக்கொண்டு வந்து இவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அதற்குப் பிறகும் தம்பி என்கிறாளா பார்ப்போம்.

25-11-51, ஞாயிறு
விராலிமலை போய் வந்தேன்.

உடனே எழுத முடியவில்லை. முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

வரிசைப்படி எழுதுகிறேன். சேவுகன் கடை என்றால் நாலு கழியும் ஒரு கித்தானும். வெற்றிலை, பீடி, சோடா. மதுரை பஸ்கள் நின்று போகிற இடம். கூரைக் கழியில் எலெக்‌ஷன் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். “எசமான்! இங்கிட்டு எங்கங்க?” சோடா உடைத்துக் கொடுத்தான். நின்றுகொண்டே இருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

நான் நிபந்தனைப்படியே ஆரம்பித்தேன். “சேவுகா, சமஸ்தானம் முடிகிற மாதம் மானேஜர் அறைக்கு யார் யார் வந்து போனார்கள்?”

“யாரு யாரோ வந்தாங்க எசமான். தெனம் கூட்டந்தான்.”

“பெயர் நினைவிருக்கிறதா?”

“பேரு என்னத்தங்க... திருச்சியில இருந்து ஒரு தொப்பிக்காரரு வருவாரு.”

“வேறு?”

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நாக்கின் நுனியில் அந்தப் பெயர் இருந்தது, சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பதுதானே நிபந்தனை. ஒரு பஸ் வந்து நின்று போனது. அவனுக்குக் கால் மாற்றி நிற்க ஆரம்பித்துவிட்டது. கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

“எசமானுக்கு யாரு வந்ததா வேணும்னு சொல்லுங்க. சொல்லிப்புடுறேன்.”

எனக்கு அந்த நிமிஷம் சோடா பாட்டிலின் குண்டு உருளுகிற சத்தம்கூடக் கேட்டது.

“அன்றைக்கு என்னிடம் ஒரு பெயர் சொன்னாயே” என்றேன்.

“நான் எங்கங்க சொன்னேன்? நீங்கதான் ஓடியாந்து, ‘நாகராசு உள்ள போனானாடா, அவன்தானே போனான்’னு கேட்டீங்க. ஆமாங்கன்னேன். ஒங்க கண்ணு அப்படிச் செவந்து கெடந்துச்சு. இல்லைன்னு சொல்ல எனக்கு என்ன தைரியம் எசமான்?”

“அப்படியானால் அவன் போகவில்லையா?”

“போனாரோ என்னமோ. எனக்கு அந்த நாகராசு யாருன்னே தெரியாதுங்க.”

யாருன்னே தெரியாதுங்க. எவ்வளவு லேசா சொல்லிட்டான். மூணு வருசம். அவ அம்மா வீட்டுப் பொங்கலுக்குப் போகல. அவ தம்பி மகனுக்கு மொட்டை போட்டப்போ போகல. தெரியாதுங்கிறான். சோடாவுக்குக் காசு வேணாம்னு கும்பிடு வேற போடுறான்.

அவனை அடிக்கலாம் போல இருந்தது. கையை ஓங்கினேனா? இல்லை. ஓங்கியிருந்தால் அதற்கும் ஆமாங்க என்றிருப்பான்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அடைக்கலம் ஜன்னலைப் பார்த்த பார்வைதான் கண்முன் நின்றது. அன்றைக்கு அவ்வளவு சத்தமாகச் சிரித்தேனே.

26-11-51
வகுப்புக்குப் போனேன். ஞானமணி நடத்தியது ஒன்றும் காதில் விழவில்லை. முடிந்தபின் அவரிடம் போய், “சார், சாட்சி விழுந்துவிட்டால் அந்தச் சம்பவம் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?” என்று கேட்டேன்.

“இல்லை. நடந்திருக்கலாம். நடந்தது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை, அவ்வளவுதான்” என்றார். பிறகு, “கட்டுரைக்கு ஆள் கிடைக்கவில்லையா?” என்றார்.

“கிடைத்தான்” என்றேன்.

நாகராசு செய்யவில்லை என்பதற்கும் என்னிடம் சாட்சி கிடையாது. செய்திருக்கலாம். நூற்றுக்கு ஒரு பங்கு... எதற்கு இந்தக் கணக்கு? பட்டம் இல்லை என்று மானேஜர் சொன்னார். பட்டம் இல்லைதான். அதை மட்டும் ஏன் நான் ஒரு நாளும் நம்பவில்லை?

27-11-51
செவந்தி இன்னும் வெறும் மூலையில். பக்கத்து வீட்டுச் சொர்ணவல்லி எட்டிப் பார்த்து, “என்னக்கா, மாமன் கீத்து இன்னும் வரலையா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். செவந்தி முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

28-11-51
விடிந்ததும் ஆலங்குடி பஸ்ஸில் ஏறினேன். ஆள் அனுப்பிச் சொல்வதுதான் வழக்கம். யாரை அனுப்பினாலும் அவர்கள் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்வார்கள். நானே போனேன்.

நாகராசு தோப்பில் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தான். இளைத்திருக்கிறான். காதோரம் நரைத்துவிட்டது, என்னைவிட எட்டு வயது இளையவன். என்னைப் பார்த்து நிமிர்ந்தவன், வாங்க என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை.

“செவந்தி உட்கார்ந்துவிட்டாள்” என்றேன். வேறு எதையும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“எப்ப?”

“புதன்கிழமை.”

“போன பொதனா? இன்னைக்கு அடுத்த பொதன் வந்துருச்சே மச்சான்!” என்று கத்தினான். “பச்சப்புள்ளைய வெறுந்தரையில போட்டுட்டு ஒரு வாரமா என்ன பண்ணுனீங்க? காலேசுக்குப் போனீங்களா?” அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டான். மேலிருந்து கீற்றுகள் விழ ஆரம்பித்தன. நான் நகர்ந்து நின்றேன். “பாத்துட்டே நின்னா? இழுத்துப் போடுங்க அங்கிட்டு!”

இழுத்துப் போட்டேன்.

29-11-51
பத்து மணி வகுப்புக்கு இன்றும் போகவில்லை. சேர்ந்த நாளிலிருந்து, காய்ச்சல் கண்ட அந்த ஒரு நாளும் நேற்றும் தவிர, தவறியதில்லை. கட்டுரை ஒரு பக்கம்தான் வந்திருக்கிறது. ‘சாட்சிக்கு ஒன்றும் தெரியாது, தெரியும் என்று சொல்லவைத்தவர் யார் என்பது மட்டும் தெரியவந்தது.’ இதற்கு என்ன மதிப்பெண் போடுவாரோ போடட்டும்.

காலையில் நாகராசு வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டான். மேலே கீற்று, கீழே தேங்காய், வாழைத்தார், செவந்திக்குப் பச்சைப் புடவை. அழகம்மாள் வாசலில் நின்றிருந்தாள். வண்டியிலிருந்து கீற்றை அவளே வாங்கினாள். திருப்பதியும் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து சேர்ந்து, எல்லாவற்றுக்கும் யோசனை சொன்னான். அவன் மேல் இருக்கிற கோபம் அப்படியே இருக்கிறது. மானேஜர் மேல் இருப்பதும் இருக்கிறது.

கூடத்தின் பின்னால் குச்சு கட்டினோம். நாகராசு கட்ட, நான் கழியைப் பிடித்துக்கொண்டேன். பச்சை ஓலை வாசனை வீடு முழுவதும். மற்றவர்கள் சமையலுக்குப் போன நேரம் பார்த்து, அவன் என் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

“மச்சான், கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். மூணு வருசமா எம்மேல என்ன கோவம்? என்னையப் பத்தி யாரு வந்து என்ன சொன்னா?”

எத்தனையோ பதில் இருந்தது. சேவுகன் பெயரைச் சொல்லியிருக்கலாம். திருப்பதி பெயரைச் சொல்லியிருக்கலாம். நீ அந்த வாரம் எங்கே இருந்தாய் என்று, கேள்விக்குள் ஒன்றையும் வைக்காமல், முறைப்படி கேட்டிருக்கவும் செய்யலாம்.

“யாரும் ஒண்ணும் சொல்லல மாப்ள” என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் கயிற்றைக் கையிலேயே வைத்திருந்தான். பிறகு, “கழிய இன்னும் கொஞ்சம் இங்கிட்டுச் சாய்ங்க” என்றான்.

சாய்த்தேன். முடிச்சை இறுக்கினான். உள்ளே செவந்தி போய் உட்கார்ந்துகொண்டாள்.